மெல்பர்ன் ஆட்டமும் ஒரு துண்டு மீனும்

டென்னிஸ் எனக்குத் தெரியாத ஆட்டம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டத்தில் துரை பங்களாவுக்குப் பின்னால் டென்னிஸ் திடல் இருந்தது. அதற்குக் கோடு போட்ட சுண்ணாம்பு என் அம்மா கரைத்தது. ஓரத்துப் புல் நான் பிடுங்கியது. பந்து வேலியைத் தாண்டி விழுந்தால் எடுத்து உள்ளே எறிவேன். வேலிக்கு உள்ளே போனதில்லை, போகவேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. இரண்டு பேர் ஒரு பந்துக்காக வெயிலில் இப்படி ஓடுகிறார்களே, வீட்டில் வேலை இல்லையா என்றுதான் தோன்றும்.

அதே ஆட்டத்தை என் மகன் ஆடுவதைப் பார்க்க மெல்பர்ன் வரைக்கும் போய் வந்தேன். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். படிப்பவர்களும் அவசரப்படாமல் படிக்கவும்.

என் மகன் குணசேகரன் சக்கர நாற்காலியில் இருப்பவன். வாலிப வயதில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி ஒன்று அவன் மோட்டார் சைக்கிளை இடித்தது. கால் இரண்டும் இருக்கின்றன, இடுப்புக்குக் கீழே உணர்ச்சிதான் இல்லை. இப்போது கோலா சிலாங்கூர் டவுனில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்தவர்கள்தான் முதலில் மட்டையைப் பிடிக்கச் சொன்னார்கள். ஊரே பூப்பந்து ஆடுகிற ஊரில் டென்னிஸ் திடல் சும்மா கிடந்தது. இவன் போய்ப் பிடித்துக்கொண்டான்.

மெல்பர்னில் நடக்கும் அந்தப் பெரிய போட்டியில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் தனி ஆட்டம் உண்டு. உலகத்திலேயே முன்னால் நிற்கும் சிலரை மட்டும்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை அதில் ஒருவருக்குத் தோள்பட்டையில் அடிபட்டு, அந்த இடத்துக்குக் குணாவைக் கூப்பிட்டார்கள். செய்தி வந்த அன்று அவன் கடையில் யாருடைய போனோ கழற்றிப் போட்டது போட்டபடி கிடந்ததாம்.

இனி என் கதை. அவன் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்று ஒரு வாக்குக் கொடுத்தேன். "என் பிள்ள நடந்து வந்து உன் வாசல்ல நிக்கிற வரைக்கும் மீன் என் வாயில படாது." கோலா சிலாங்கூரில் இருந்துகொண்டு மீனை விடுவது என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் படகு படகாக இறங்குகிறது. வெளியூர்க்காரர்கள் வண்டி பிடித்து வந்து தின்றுவிட்டுப் போகிறார்கள். நான் கத்தரிக்காயைத் தின்றுகொண்டு இருந்தேன்.

வீட்டில் மீன் சமைக்காமல் இல்லை. குணாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. குழம்பு வைப்பேன், ஆனால் வாயில் வைக்க மாட்டேன். உப்பு பார்க்கிற நேரத்தில் "டேய் குணா" என்று ஒரு குரல் கொடுத்தால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்கு வந்து உள்ளங்கையை நீட்டுவான். ஒரு சொட்டு விடுவேன். நக்கிப் பார்த்து, போடு என்பான் அல்லது போதும் என்பான். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டு மீன் குழம்பின் உப்பு அவன் நாக்குதான்.

புறப்படுவதற்கு முன்னால் என்னிடம் சொன்னான்: "நீயும் அத்தையும் மெல்பர்ன் வரணும்மா. ஆனா ஒண்ணு. அங்க என் எதிர்ல உக்காந்து நீ மீன் சாப்பிடணும். மாட்டேன்னா இங்கேயே இருந்துக்க."

"அது எனக்கும் ஆத்தாவுக்கும் உள்ள பேச்சு. நீ ஏன்டா நடுவுல வர்ற?"

"என் காலைப் பத்தின பேச்சும்மா அது. என்னைக் கேக்காமலே ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்க."

மீனைத் தின்றால், இனி அவன் நடக்கப் போவதில்லை என்று பெற்றவளே சொன்ன மாதிரி. தின்னாவிட்டால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் பயிற்சியாளரோடு முன்னால் போய்விட்டான். நான் பெட்டியோடு சேர்த்து இதையும் தூக்கிக்கொண்டு பின்னால் விமானம் ஏறினேன்.

கூட வந்தவள் பாக்கியம், என் வீட்டுக்காரரின் தங்கை. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். நாலு ஆட்களை விரட்டிப் பழகிய வாய். இங்கிலீஷும் பேசுவாள், தப்பாகப் பேசினாலும் சத்தமாகப் பேசுவாள். விமானத்தில் சாப்பாடு வந்தது. கோழியா மீனா என்று பணிப்பெண் கேட்டாள். பாக்கியம் என்னைக் காட்டி, "எங்க அண்ணி மீன் திங்க மாட்டாங்க. அவங்க பங்கு மீனையும் எனக்கே வச்சிரு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஒருத்தர் திங்காம விட்டதுல கடல்ல மீன் கூடிப் போச்சு அண்ணி. யாராவது கொறைக்கணும்ல?" என்றாள்.

மெல்பர்ன் விமான நிலையத்தில் இறங்கியதும் ஒரு பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள். வயசானவள் என்று நினைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒருவன் உட்கார்ந்தால் போதும் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். முட்டி வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து சாமான்களைச் சோதிக்கும் இடம். பாக்கியம் ஒரு டப்பா நிறைய நெத்திலி சம்பல் கொண்டுவந்திருந்தாள். நான் முந்தானையில் ஒரு எலுமிச்சம்பழம் முடிந்து வைத்திருந்தேன். அம்மன் காலடியில் வைத்து எடுத்த பழம். குணாவின் நாற்காலிச் சக்கரத்தில் வைத்து நசுக்கிவிட்டுத்தான் அவன் திடலுக்குள் போகவேண்டும் என்று என் கணக்கு. அதிகாரி சம்பலை முகர்ந்து பார்த்தார், தும்மினார், போகட்டும் என்றார். பழத்தைப் பிடித்துக்கொண்டார். பச்சைப் பழம் எதுவும் அந்த நாட்டுக்குள் போகக் கூடாதாம்.

"கடவுளுதுன்னு சொல்லு பாக்கியம்."

அவள் சொன்னாள். அவர் ரொம்ப மரியாதையாக, "மன்னிக்கணும் அம்மா, கடவுளுடையதாக இருந்தாலும் பழம் பழம்தான்" என்றாராம். தொட்டியில் போட்டுவிட்டார். வாசலைத் தாண்டும்போது எனக்கு உடம்பில் பாதி இல்லாத மாதிரி இருந்தது. அம்மன் அங்கேயே நின்றுவிட்டாள், நான் மட்டும் ஊருக்குள் போகிறேன் என்று தோன்றியது.

குணா தங்குமிடத்து வாசலில் காத்திருந்தான். நாற்காலி கதையைப் பாக்கியம் முதலில் அவிழ்த்துவிட்டாள். அவன் சிரித்தான். "உக்காந்து பாத்திருக்கலாம்லம்மா. நல்லா சொகமா இருக்கும்." மீனைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அன்று மாலை சாப்பிடப் போன இடத்தில் அவன் எனக்குக் காய்கறி நூடுல்ஸ் சொல்லிவிட்டு, தனக்கும் அதையே சொன்னான். மீன் இல்லாமல் சோறு இறங்காதவன் தன் தட்டையே பார்த்துக்கொண்டு தின்றான்.

ஊர் எப்படி என்று கேட்பார்கள். காலையில் நம் ஊர் மாதிரி கொளுத்துகிறது, மத்தியானம் எங்கிருந்தோ காற்று வந்து பல்லைக் கிட்டவைக்கிறது. ராச்சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கிறது. காலைப் பசியாறுவதற்கு வெண்ணெய்ப் பழத்தை நசுக்கி ரொட்டியில் தடவிக் கொடுக்கிறார்கள். அதைத் தின்ன வரிசையில் நிற்கிறார்கள். ஆறு மட்டும் சிலாங்கூர் ஆறு மாதிரியே பழுப்பாக ஓடுகிறது. அதைப் பார்த்ததும்தான் மனசு கொஞ்சம் நிலைக்கு வந்தது.

மறுநாள் குணா எங்களைப் பயிற்சி செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போனான். அவனுடைய பயிற்சியாளர் ஹாலிம் எங்கள் ஊர் மலாய்க்காரர். என்னை மக்சிக் என்றுதான் கூப்பிடுவார், நாம் அத்தை என்று கூப்பிடுவது மாதிரி. அவர்தான் காட்டிக் காட்டிச் சொன்னார். ஆடும் நாற்காலி வேறு மாதிரி. சக்கரம் இரண்டும் மேலே ஒடுங்கி கீழே அகண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தவன் முட்டி மாதிரி விரிந்திருக்கும். இடுப்பிலும் முட்டியிலும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்குப் பந்து ஒரு தடவைதான் தரையில் படலாம். இவர்களுக்கு இரண்டு தடவை படலாம்.

"அது சலுகையா?" என்று கேட்டேன்.

"இல்லை மக்சிக்" என்று மலாயில் சொன்னார். "ஒரு கையில் மட்டையும் பிடித்துக்கொண்டு அதே கையால் சக்கரத்தையும் தள்ளிப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள்."

தள்ளிப் பார்த்தேன். சுவரில் முட்டினேன்.

எத்தனை வகை ஆட்கள்! ஒருவருக்கு விரல்கள் மடங்காது. அவர் மனைவி மட்டையைக் கையோடு வைத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுவது மாதிரி சுற்றிச் சுற்றி ஒட்டினாள். ஒட்டும்போது இரண்டு பேரும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டார்கள். ஜப்பான்காரப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து, வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு தன் சக்கரத்தின் டயரைத் தானே மாற்றினாள். நடந்து ஆடும் பெரிய ஆட்டக்காரர்களும் அதே வழியாகத்தான் போகிறார்கள். டிவியில் வரும் நெட்டையன் ஒருவன் இரண்டு முட்டியிலும் ஐஸ் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனான். பாக்கியம் என் காதில், "காலு இருக்குறவன் படுற பாட்டைப் பாருங்க அண்ணி" என்றாள்.

அதற்கடுத்த நாள் குணாவுக்கு ஓய்வு. "நாங்க ரெண்டு பேரும் ஊரைச் சுத்திப் பாக்குறோம், எனக்கு எல்லாம் தெரியும்" என்று பாக்கியம் என்னை டிராமில் ஏற்றினாள். ரோட்டு நடுவில் தண்டவாளத்தில் ஓடும் வண்டி. கடைத்தெருவுக்குப் போகவேண்டியது. வெகுநேரம் போயிற்று, கடைகள் குறைந்து வீடுகள் வந்தன, வீடுகள் குறைந்து தென்னை மாதிரி ஏதோ மரங்கள் வந்தன. கடைசியில் ஓட்டுநர் எழுந்து வந்து இறங்கச் சொன்னார். எதிரே கடல்.

"இதான் நான் காட்டணும்னு நெனச்ச எடம்" என்றாள் பாக்கியம். தப்பான பக்கம் ஏற்றிவிட்டாள் என்று எனக்குத் தெரியும். என்ன செய்வது, நாத்தனார் ஆயிற்றே.

கடலுக்கு எதிரே ஒரு பொரித்த மீன் கடை. வியட்நாம்கார அம்மா ஒருத்தி நடத்துகிறாள். அந்த வாசனை இருக்கிறதே, எண்ணெயும் மாவும் மீனும் சேர்ந்து, தெருவின் அந்த முனையிலேயே பிடித்துக்கொண்டது. பாக்கியம் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினாள். என்ன மீன் என்று விசாரித்தாள். சுறாவாம்.

"சுறாவ மாவுல முக்கிப் பொரிப்பாங்களா? சுறான்னா புட்டுல்ல செய்யணும்?" என்றேன்.

"தின்னாம குத்தம் சொல்றது நீங்க ஒருத்தர்தான்." அவள் ஒரு விள்ளலை ஆவி பறக்கப் பிட்டாள். பிட்டவள் வாயில் போடாமல் நிறுத்திவிட்டாள். "அண்ணி. அவன் உங்ககிட்ட வேற என்ன கேட்டான்? வீடு கேட்டானா, நகை கேட்டானா? இந்த ஒண்ணுதானே?"

"நீ பெத்தவளா இருந்தா தெரியும்."

சொல்லியிருக்கக் கூடாது. பாக்கியத்துக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அவள் அசரவில்லை. "நான் பெக்கல, அதனாலதான் எனக்கு அவன் முழுசாத் தெரியிறான். உங்களுக்கு எப்பவும் பாதிதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மீனை வாயில் போட்டுக்கொண்டாள். நான் கிழங்கைத் தின்றேன். என் பங்கில் பாதியைக் கடற்பறவைகள் பிடுங்கிக்கொண்டு போயின. திரும்பி வரும் டிராமை நானே எண் பார்த்து ஏறினேன். எண் படிக்க மூன்றாம் வகுப்பு போதும்.

ஆட்டம் நடக்கும் நாள் வந்தது. சின்னத் திடல்தான், ஆனால் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. அர்ஜென்டினாக்காரர் ஒருவர் குணாவுக்கு எதிராளி. தாடிக்காரர், இரண்டு காலும் தொடைக்குக் கீழே இல்லை. அவருடைய அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் வயசு இருக்கும். கையில் சுரைக்குடுக்கை மாதிரி ஒரு சின்னப் பாத்திரம், அதில் இரும்புக் குழல், உள்ளே ஏதோ பச்சைத் தழையில் வெந்நீர். அவள் உறிஞ்சினாள், பிறகு என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்வது அழகில்லை. உறிஞ்சினேன். வேப்பிலைக் கஷாயம் தோற்றது. நான் முகத்தைச் சுளிக்காமல் விழுங்கியது அவளுக்குப் பிடித்துவிட்டது.

அவள் தன் போனில் அவள் பாஷையில் பேசினாள். போன் அதை இங்கிலீஷில் சொன்னது. பாக்கியம் அதைத் தமிழில் சொன்னாள். எனக்குப் பதில் போனதும் அதே வழிதான்.

"உங்க மகனுக்கு எதனால?" என்று கேட்டாள்.

"மோட்டார் சைக்கிள்."

"எங்களுக்கும் மோட்டார் சைக்கிள்தான்." இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவுங்க சாமிக்கு எதுவும் வேண்டிக்கிட்டாங்களான்னு கேளு பாக்கியம்."

போன் வழியாகப் பதில் வந்தது. "வேண்டிக்கிறதா? நான் மாதாவோட பேசி முடிக்கிறதுக்குள்ள காலை எடுத்துட்டாங்க. அப்புறம் என்னத்தக் கேக்குறது? தினமும் திட்டுறேன். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பிள்ளைக்குக் கால் இல்லை. அதனால் அவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. என் பிள்ளைக்குக் கால் இருக்கிறது. ராத்திரி போர்வையை இழுத்துவிடும்போதெல்லாம் அந்தக் கால்கள் அங்கேதான் இருக்கின்றன. அதுதான் என்னை விடவே இல்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. தாடிக்காரர் நாற்காலியைத் திருப்புவது கண்ணுக்கே தெரியவில்லை. முதல் செட்டைச் சீக்கிரமாகவே எடுத்துக்கொண்டார். பாக்கியம், "குணா, வுடாதடா!" என்று கத்தினாள். மேலே உட்கார்ந்திருந்த நடுவர் ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னார். "என்னைத்தான் மரியாதையா வாயை மூடச் சொல்றார்" என்றாள். பந்து ஓடும்போது பேசக்கூடாதாம். பூப்பந்தில் கத்தாமல் யார் பார்த்தார்கள்?

இரண்டாவது செட்டில் குணா வேறு ஆளாகிவிட்டான். அவசரப்படவில்லை. பந்து இரண்டாவது தடவை தரையைத் தொடும் வரைக்கும் விட்டு, பாம்பு மாதிரி உள்ளே புகுந்து அடித்தான். தாடிக்காரர் மூச்சு வாங்கினார். அவர் அம்மா தன் மகனைப் பார்த்து எதையோ கத்தினாள். பாக்கியம் போனைப் பிடித்துக் கேட்டுச் சொன்னாள்: "தூங்குறியா, எழுப்பிவிடவான்னு கேக்குறாங்க அண்ணி."

அப்போதுதான் விழுந்தான். மூலைக்குப் போன பந்தை எட்டி அடித்தான், சக்கரம் வழுக்கியது, நாற்காலியோடு குப்புறக் கவிழ்ந்தான். பட்டை போட்டுக் கட்டியிருந்ததால் நாற்காலி அவன் முதுகின் மேல் கிடந்தது, ஆமை ஓடு மாதிரி. நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்குத் தெரியாது. அர்ஜென்டினாக்காரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளும் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓரத்தில் நின்ற ஆட்கள் இரண்டு பேர் ஓடினார்கள். கவிழ்ந்து கிடந்தபடியே மட்டையைத் தூக்கி, வேண்டாம் என்று காட்டினான். இடது கையைத் தரையில் ஊன்றி ஒரு தள்ளு. முடியவில்லை. மறுபடி ஒரு தள்ளு. நாற்காலியும் அவனும் ஒன்றாகப் புரண்டு நிமிர்ந்தார்கள். கன்னத்தில் சிராய்ப்பு. எல்லோரும் கைதட்டினார்கள். அவன் கைதட்டியவர்களைப் பார்க்கவில்லை. நடுவரைப் பார்த்து ஏதோ கேட்டான். திடலே சிரித்தது.

"என்னவாம்?" என்றேன்.

பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் அடிச்ச பந்து கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு கேக்குறான்."

உள்ளேதான் விழுந்திருந்தது. தாடிக்காரர் தன் மட்டையால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். குணா முஷ்டியை மடக்கினான். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் அத்தனை ஜனத்துக்கும் பந்துதான் கவலை. விழுந்தவனுக்கும் பந்துதான் கவலை. காலைப் பற்றி நினைத்துக்கொண்டு நின்றது நான் ஒருத்திதான். அவன் கேட்காத ஒன்றை, அவனுக்காக, இத்தனை வருஷமாக வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

உட்கார்ந்தேன். குடுக்கை மறுபடி என்னிடம் வந்தது. இந்த முறை அவ்வளவு கசக்கவில்லை.

இரண்டாவது செட் அவனுக்கு. மூன்றாவது கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த் தோற்றான். இரண்டு பேரும் வலைக்குப் பக்கத்தில் வந்து கைகொடுத்துக்கொண்டார்கள். தாடிக்காரர் குணாவின் சக்கரத்தை, மாட்டைத் தட்டுவது மாதிரி தட்டிவிட்டுப் போனார். அவர் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். எங்கள் சம்பந்திகள்கூட அப்படிச் செய்ததில்லை.

வெளியே வந்தபோது குணாவும் ஹாலிமும் மலாயில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பந்தை முதல் குதியிலேயே அடித்திருக்க வேண்டும் என்கிறார் அவர். காற்று அந்தப் பக்கம் அடித்தது என்கிறான் இவன். "மக்சிக், உங்கள் மகன் யார் பேச்சையும் கேட்பதில்லை" என்று ஹாலிம் என்னிடம் முறையிட்டார்.

"பெற்றவள் பேச்சையே கேட்பதில்லை. நீங்கள் எம்மாத்திரம்?" என்றேன் மலாயில்.

ஹாலிம் போனதும் குணா துண்டால் தலையைத் துவட்டினான். முகத்தைத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சொன்னான்: "அம்மா, அந்த மீன் பேச்சை விட்டுரு. ஜெயிச்சிட்டு உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். தோத்துட்டேன். இனிமே கேக்க மாட்டேன்."

"உன்னை யாருடா கேட்டா? எனக்குப் பசிக்குது" என்றேன். "வா, எனக்கு ஒரு கடை தெரியும்."

பாக்கியம் வாயைத் திறந்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டாள்.

அன்று தப்பான பக்கம் போன அதே டிராமைத் தேடிப் பிடித்து ஏறினோம். குணாவின் நாற்காலி ஏறுவதற்குத் தோதாக மேடை இருந்த நிறுத்தம்தான். ஓட்டுநர் காத்திருந்தார். "எங்கம்மா கூட்டிட்டுப் போற? கடைத்தெரு அந்தப் பக்கம்ல?" என்று குணா கேட்டான். "சும்மா வாடா, உங்க அத்த காட்டிக் குடுத்த எடம்" என்றேன். வீடுகள் குறைந்தன, மரங்கள் வந்தன, கடல் வந்தது. கடைக்கு ஒரு வீடு தள்ளி இருக்கும்போதே அவனுக்கு வாசனை பிடித்துவிட்டது. நாற்காலியை நிறுத்திவிட்டான். என் முகத்தையே பார்த்தான். நான் நேரே உள்ளே போய் வியட்நாம்கார அம்மாவிடம் விரலைக் காட்டினேன். எல்லோருக்கும் மீன்.

வெளியே போட்டிருந்த மேசையில் உட்கார்ந்தோம். பொட்டலத்தைப் பிரித்தேன். அவன் தன்னுடையதைத் தொடவில்லை.

"அம்மா, எனக்காக வேணாம். தோத்ததுக்கு ஆறுதல்னா வேணவே வேணாம்."

"ஆறுதலா? இத்தன வருசமா கத்தரிக்கா தின்னவ நானு. எனக்கு ஆறுதல் யார் சொல்றது?" என்றேன். ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தேன்.

என்ன சொல்ல? வாய் மறக்கவில்லை. மனசுதான் முதலில் ஒரு நிமிஷம் பயந்தது. இப்போது ஏதாவது நடக்குமா என்று. கடல் அப்படியே இருந்தது. பறவைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. குணா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான், கன்னத்தில் சிராய்ப்போடு, நல்ல பசியோடு.

"எப்படிம்மா?"

"முள்ளு இல்ல. உப்பும் இல்ல. இதெல்லாம் ஒரு மீனா?" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தேன். பாக்கியம் தன் டப்பாவைத் திறந்து நெத்திலி சம்பலை என் பக்கம் தள்ளினாள். அதையும் தொட்டுக்கொண்டேன்.

குணா பாதி தின்ற பிறகுதான் கேட்டான்: "ஆத்தாவுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"ஏர்போர்ட்டுலயே நின்னுட்டா. திரும்பிப் போறப்ப பாத்துப் பேசிக்கிறேன்."

பேசினேன். ஊருக்கு வந்த வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். லயத்து வீடுகளில் இருந்த ஜனங்கள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டாலும் கோயில் செம்பனைக்கு நடுவில் அங்கேயேதான் இருக்கிறது. தேங்காய் உடைத்து, கும்பிட்டு, நேராகவே சொன்னேன். "நான் கேட்டதைத் திருப்பி வாங்கிக்கிறேன் தாயே. நீ தரலன்னு கோவிச்சுக்கிட்டு இல்ல. அவனுக்கு அது வேணாமாம். அவன் அடிக்கிற பந்து கோட்டுக்கு உள்ள விழட்டும், அத மட்டும் பாத்துக்க." திருநீறு பூசிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் வவ்வால் மீன் வாங்கினேன். மீன் விற்கும் சீனர் எனக்கு வாலிப வயதிலிருந்து தெரிந்தவர். மகனுக்கா என்று கேட்டார். இல்லை, எனக்கு என்றேன். தராசில் போட்ட பிறகும் ஒரு மீனை எடுத்து மேலே வைத்தார்.

குழம்பு கொதித்தது. கரண்டியில் எடுத்து என் உள்ளங்கையில் விட்டு நானே நக்கிப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. வாசனை பிடித்துக் குணா அடுப்படிக்கு வந்துவிட்டான். பழக்க தோஷம், கையை நீட்டினான். சக்கரம் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன கை.

"நான் பாத்துட்டேன்டா" என்றேன்.

கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நானும் பாக்குறேன்."

ஒரு சொட்டு விட்டேன். நக்கினான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தான்.

"உனக்குப் பழக்கம் விட்டுப் போச்சும்மா" என்றான். "இன்னும் ஒரு கல்லு உப்பு போடு."

போட்டேன்.